நெகடிவ் போயிற்று; படம் நின்றது!

அக்கரைக் காமிராக் கலைஞர் லயனல் வெண்டின் கதை

ஒரு காலத்தில் சென்னையில் ரயில் ஏறியவர் கொழும்பில் போய் இறங்கலாம். ரயில் மண்டபத்தைத் தாண்டி, பாம்பன் பாலத்தின் மேல் மெல்ல ஊர்ந்து, தனுஷ்கோடித் துறைக்கு வந்து சேரும். அங்கே கப்பல் காத்திருக்கும். சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கிருந்து மறுபடியும் ரயில். பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914-ம் வருஷத்தில் தொடங்கிய இந்தப் பிரயாணத்துக்குத்தான் 'போட் மெயில்' என்று பெயர்.

அந்தப் பிரயாணம் முடியும் கொழும்பு நகரில், 1930-களில், ஒரு மனிதர் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு திரிந்தார். படம் எடுத்துப் பிழைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கல்யாணப் படம் எடுக்கவில்லை. கவர்னர் மாளிகை விருந்தைப் படம் பிடிக்க ஓடவில்லை. மனசுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படி எடுத்தார். பிறகு 44-வது வயதில் திடீரென்று காலமானார்.

அவருடைய நெகடிவ்களெல்லாம் அவருக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் இன்று உலகத்துக் கலைஞர்கள் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். காரணம் ஒரு புத்தகம்!

அந்த மனிதர் லயனல் வெண்ட். புத்தகத்தின் பெயர் 'லயனல் வெண்டின் இலங்கை'. அவர் கதையில் நம் ராமநாதபுரக் கரைக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் கதையைப் பார்ப்போம்.

சட்டமும் சங்கீதமும்

லயனல் வெண்ட் பிறந்தது 1900-ம் வருஷம் டிசம்பர் 3-ம் தேதி. தகப்பனார் ஹென்றி லாரன்ஸ் வெண்ட், பறங்கியர் வகுப்பைச் சேர்ந்தவர். ஐரோப்பிய வழிவந்த இலங்கைக் குடும்பங்களைப் பறங்கியர் என்பது அங்கே வழக்கம். தகப்பனார் இலங்கை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்தவர். அவருக்கும் காமிராவில் பிரியம் உண்டு. கொழும்பில் புகைப்பட ரசிகர்களின் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர்.

நீதிபதி மகன் வக்கீலாகாமல் வேறு என்ன ஆவான்? லயனலும் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். சட்டத்தோடு சங்கீதமும் படித்தார். ராயல் அகாடமியில் பியானோ பயிற்சி. 1924-ம் வருஷம் ஊர் திரும்பினார். வக்கீல் தொழில் சொற்ப காலமே நடந்தது. கோர்ட்டு அவரைக் கட்டி வைக்கவில்லை. பியானோ முன் உட்கார்ந்துவிட்டார்.

கொழும்பில் அவர் நடத்திய கச்சேரிகளில், ஐரோப்பாவிலேயே புதிதாக இருந்த சங்கீதம் ஒலித்தது. கேட்டவர்களில் சிலர் ரசித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். வெண்ட் இரண்டு கட்சியையும் பொருட்படுத்தவில்லை.

மூட்டையில் வந்த புத்தகங்கள்

1929-ம் வருஷம் கொழும்புக்குச் சிலி நாட்டின் கான்சல் ஒருவர் வந்து சேர்ந்தார். வயது இருபத்துநான்கு. சம்பளம் குறைவு, பேச்சுத் துணை அதைவிடக் குறைவு. வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிறு வீட்டில் தனியாக இருந்தார். கவிதை எழுதுவார். அவர்தான் பின்னாளில், 1971-ல், நோபல் பரிசு பெற்ற பாப்லோ நெருடா.

வெண்டுக்கு இங்கிலாந்திலிருந்து புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். படித்ததை அலமாரியில் பூட்டி வைக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. வாரம் தவறாமல் ஒரு சைக்கிள்காரன் மூட்டை நிறையப் புத்தகங்களோடு நெருடாவின் வீட்டு வாசலில் வந்து நிற்பானாம். தம் நினைவுக் குறிப்புகளில் நெருடா இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். கொழும்பின் கலை வாழ்வுக்கு மையமாக இருந்தவர் வெண்ட் என்றும் சொல்கிறார்.

வெண்டின் குணம் இதில் தெரிகிறது. தாம் ரசித்ததைப் பிறரும் ரசிக்க வேண்டும். அதற்காகக் கைப்பணமும் காலமும் செலவானால் ஆகட்டும்!

திரைக்குப் பின்னால் ஒரு குரல்

1930-களின் தொடக்கத்தில் வெண்ட் காமிராவைக் கையில் எடுத்தார். அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரு சினிமாக் கோஷ்டி இலங்கைக்கு வந்தது. தேயிலை வியாபாரத்துக்கு விளம்பரமாக ஒரு படம் எடுக்கச் சொல்லி அவர்களை அனுப்பியிருந்தார்கள். டைரக்டர் பாஸில் ரைட். தயாரிப்புப் பொறுப்பு, டாக்குமெண்டரிப் படங்களின் தந்தை என்று புகழ் பெற்ற ஜான் கிரியர்ஸனுடையது.

பாஸில் ரைட்டுக்கு வெண்ட் நண்பரானார். போக வேண்டிய இடங்களுக்கும் பார்க்க வேண்டிய மனிதர்களுக்கும் வழிகாட்டினார். படத்துக்கு விவரணக் குரல் கொடுத்தவரும் அவரே. பேச எடுத்துக்கொண்டது அந்நாளைய விளம்பரப் பேச்சு அல்ல. கண்டி ராஜ்யத்தில் பல வருஷம் சிறையிருந்து தப்பிய ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681-ல் வெளியிட்ட பழைய நூலின் வாசகங்களை நிதானமாகப் படித்தார்.

'சாங் ஆப் சிலோன்' என்ற அந்தப் படம் 1934-ல் தயாராயிற்று. மறு வருஷம் பிரஸ்ஸல்ஸ் பட விழாவில் முதல் பரிசு பெற்றது. தேயிலையை விற்க எடுத்த படம் கலைப் படமாக நின்றுவிட்டது. இன்றும் சினிமா மாணவர்கள் அதைப் பார்க்கிறார்கள். அந்தக் குரல் ஒரு புகைப்படக்காரரின் குரல் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

இருட்டறையில் நடந்த வித்தை

அந்தக் காலத்தில் புகைப்படம் கலையா, வெறும் யந்திர வேலையா என்று பெரிய சர்ச்சை. பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுகிறதே, இதில் கலை எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வெண்ட் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. இருட்டறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்போனில் படம் எடுக்கும் இந்நாளைய இளைஞர்களுக்கு இருட்டறை என்பதே புதிது. பிலிம் சுருளை ரசாயனத்தில் கழுவினால் நெகடிவ் வரும். அதில் வெள்ளை கறுப்பாகவும், கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். நெகடிவ் வழியாக வெளிச்சத்தை ஒரு விசேஷத் தாள் மீது விழச் செய்து, மறுபடி ரசாயனத்தில் போட்டால் படம் தெளியும். சிவப்பு விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் வெற்றுத் தாளில் முகம் மெல்ல மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை மறக்கவே மாட்டார்கள்.

இதில் வெண்ட் கையாண்ட முறைகள் பல. ஒன்றுக்கு 'ஸோலரைசேஷன்' என்று பெயர். ரசாயனத்தில் படம் பாதி தெளியும்போது சட்டென்று ஒரு கணம் வெளிச்சத்தைக் காட்டிவிடுவார்கள். சாதாரணமாக இப்படி ஆனால் படம் கெட்டுப் போயிற்று என்று தூக்கி எறிவார்கள். அளவறிந்து செய்தாலோ, இருண்ட பகுதிகள் வெளுத்து, வெளுத்தவை இருண்டு, உருவத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்தாற்போல் ஒரு கோடு எழும். பாரிஸில் மான் ரே என்ற கலைஞர் இதைப் பிரபலப்படுத்தியிருந்தார். வெண்ட் அதை இலங்கை மனிதர்களின் தோளுக்கும் முதுகுக்கும் பொருத்திப் பார்த்தார்.

இன்னொன்று, இரண்டு மூன்று நெகடிவ்களை ஒரே தாளில் சேர்ப்பது. கல் சிலையும் உயிருள்ள முகமும், கடலும் கனவும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். வேடிக்கைக்காகச் செய்த காரியம் அல்ல இது. பியானோவில் இரண்டு கைகளும் இரண்டு ராகங்களைத் தொடர, கேட்பவன் காதில் அவை ஒன்றாகும் அல்லவா? அதே வேலையைத்தான் இருட்டறையிலும் அவர் விரல்கள் செய்தன.

1938-ம் வருஷம், லைகா காமிரா தயாரிக்கும் கம்பெனியின் அழைப்பின் பேரில் லண்டனில் அவருடைய படங்கள் மட்டும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. கொழும்பிலிருந்து ஒரு புகைப்படக்காரருக்கு அந்நாளில் கிடைத்த இந்தக் கௌரவம் சாமான்யமானதல்ல.

தமக்காக எடுத்த படங்கள்

வெண்டின் காமிரா எதைத் தேடிற்று? செம்படவர்கள். வயலில் குனிந்த விவசாயிகள். கண்டி நடனக்காரர்கள். அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் உள்ள பழைய தூபங்கள், சிலைகள். தென்னந்தோப்பில் விழும் வெயில். உழைத்து முறுக்கேறிய உடம்பின் அழகு.

ஆண்களின் உடலழகைக் காட்டும் படங்கள் பல, அந்தக் காலத்துச் சீமான்களின் வரவேற்பறையில் மாட்டக்கூடியவை அல்ல. ஊர் என்ன சொல்லும் என்று பார்த்திருந்தால் அவர் அவற்றை எடுத்திருக்கவே மாட்டார். ஆராய்ச்சியாளர்கள் இன்று அவற்றைப் பற்றித் தயக்கமின்றி எழுதுகிறார்கள். அவருடைய அந்தரங்க வாழ்வின் சாயலை அவற்றில் காண்கிறார்கள்.

புகைப்படத் தொழிலில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, கூலிக்கு எடுப்பது. மற்றொன்று, தமக்காக எடுப்பது. கூலிக்கு எடுப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. குடும்பம் நடக்க வேண்டுமே! வெண்டும் வியாபாரத் துறையைத் தொட்டுப் பார்த்தவர்தான். ஆனால் யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், மனசு சொன்னதற்காக எடுத்த படத்தில்தான் எடுத்தவன் முகம் தெரிகிறது. வெண்டின் பெயரைக் காப்பாற்றியவை இந்த இரண்டாவது கணக்கில் சேர்ந்த படங்களே.

ஓவியர்களுக்கு ஒரு வீடு

தம் கலையை மட்டும் வளர்த்துக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. இலங்கை ஓவியர்களில் புது வழி தேடியவர்களை ஒன்று கூட்டினார். 1943-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், கொழும்பு கில்போர்டு கிரெஸண்டிலிருந்த அவர் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் '43 குரூப்'. ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, மஞ்சுஸ்ரீ போன்றவர்கள் அதில் சேர்ந்தார்கள். கனகசபை என்ற தமிழ்ப் பெயரையும் அந்த ஓவியர் வரிசையில் காண்கிறோம்.

பறங்கியர், சிங்களர், தமிழர் என்று பல வகுப்பாரும் ஒரே சுவரில் படம் மாட்டினார்கள். அதே வருஷம் முதல் கண்காட்சியும் நடந்தது.

அடுத்த வருஷம், 1944 டிசம்பர் 19-ம் தேதி, மாரடைப்பால் வெண்ட் காலமானார். 44 வயது முடிந்து 16 நாள்தான் ஆகியிருந்தது.

சிதறியதைச் சேர்த்த புத்தகம்

நெகடிவ் என்பது விதை நெல் மாதிரி. அது இருந்தால் எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம். அது போனால் கையில் உள்ளதுதான் மிச்சம். வெண்டின் மறைவுக்குப் பின் விதை நெல் போயிற்று. அச்சிட்டிருந்த படங்களே மிஞ்சின.

ஆனால் நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. 1950-ம் வருஷம், லண்டனில் லிங்கன்ஸ்-பிரேகர் என்ற பிரசுராலயத்தின் மூலம் 'லயனல் வெண்டின் இலங்கை' வெளியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். முகவுரை எழுதியவர் எழுத்தாளர் எல். ஸி. வான் கெய்ஸல்.

ஒரு கலைஞரின் வாழ்நாள் வேலையைத் திரட்டிப் புத்தகமாகப் போடுவது சுலபமான காரியம் அல்ல. எது சேர வேண்டும், எதை விட வேண்டும்? முதல் பக்கத்தில் எது, கடைசிப் பக்கத்தில் எது? எடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரே சொல்வார். அவர் இல்லாதபோது, அவர் மனசை அறிந்தவர்கள்தான் அவருக்காகத் தீர்மானிக்க வேண்டும். சுவரில் தனியாகத் தொங்கும் படம் ஒரு வார்த்தை. புத்தகத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக வைத்த படங்கள் ஒரு வாக்கியம். வெண்ட் விட்டுப்போன வார்த்தைகளை நண்பர்கள் வாக்கியமாக்கினார்கள்.

அவர் வாழ்ந்த இடத்திலேயே ஞாபகார்த்தமாக ஒரு கலைக்கூடமும் நாடக அரங்கும் எழுந்தன. அரங்கம் 1953-ல் திறக்கப்பட்டது. கொழும்பு நாடக ரசிகர்களுக்கு 'வெண்ட்' என்றால் அந்த அரங்கம்தான். 2000-ம் வருஷம், அவருடைய நூற்றாண்டில், மறுபடியும் ஒரு பெரிய நினைவுத் தொகுதி வந்தது. 2017-ல் ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில், புகைப்படக் கலைக்கென்றே உள்ள ஒரு மியூசியத்தில் அவர் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதையொட்டி இன்னொரு நூலும் வெளியாயிற்று. இறந்து எழுபது வருஷத்துக்கு மேலான பிறகும் ஒரு கலைஞன் புதிது புதிதாகப் பிறந்துகொண்டிருக்கிறான்.

பெயர் இல்லாத முகங்கள்

இவ்வளவு சிறப்பு இருந்தும், அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனசில் ஒரு கேள்வி எழாமல் இராது. வலையைத் தோளில் சுமக்கும் இந்த மனிதர் யார்? பானையோடு நிற்கும் இந்தப் பெண் எந்த ஊர்? பல படங்களுக்கு விடை கிடையாது. எடுத்தவர் பெயர் உலகுக்குத் தெரிகிறது. எடுக்கப்பட்டவர் பெயர் அவர் பேரனுக்குக்கூடத் தெரியுமோ என்னவோ!

இது வெண்ட் ஒருவர் மேல் சொல்லும் குற்றம் அல்ல. அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ராஜாவுக்குப் பெயர் உண்டு. ஜமீன்தாருக்குப் பெயர் உண்டு. செம்படவருக்கு 'செம்படவர்' என்பதே பெயர்.

இந்த இடத்தில்தான் கடலைத் தாண்டி இக்கரைக்கு வர வேண்டியிருக்கிறது.

தனுஷ்கோடி எங்கே?

1964-ம் வருஷம் டிசம்பர் 22-ம் தேதி இரவு அடித்த புயலைப் பற்றி ராமநாதபுரம் ஜில்லாவில் கேள்விப்படாதவர் இல்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாஸஞ்சர் ரயிலையே கடல் விழுங்கியது. அதில் இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, வீடுகள், கடைகள் எல்லாம் ஒரே இரவில் போயின. மனிதர் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்தது.

இப்போது அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது. தினந்தோறும் வண்டி வண்டியாக ஜனங்கள் போகிறார்கள். மணலில் நிற்கும் மாதா கோவிலின் கற்சுவர் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடிந்த தனுஷ்கோடியின் படம் லட்சக்கணக்கில் உண்டு. இடியாத தனுஷ்கோடியின் படம்?

கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம், சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டிய வியாபாரி, பிளாட்பாரத்தில் தேநீர் விற்றவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவர்களையெல்லாம் காட்டும் படங்கள் மிக அபூர்வம். அந்த ஊரில் காமிரா வைத்திருந்தவர் சிலர். படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் பல. வீட்டோடு பெட்டியும், பெட்டியோடு படமும் கடலுக்குப் போயின. தப்பியவை எவை? மதுரைக்கும் திருச்சிக்கும் கொழும்புக்கும் தபாலில் போன படங்கள். உறவுக்காரர் ஆல்பத்தில் ஒட்டிய படங்கள். அதாவது, ஊரை விட்டு வெளியே போன படமே ஊரைக் காப்பாற்றியது.

வெண்டின் கதையும் இதுவேதான். அவர் வீட்டில் இருந்த நெகடிவ் போயிற்று. பல கைகளுக்குப் போன அச்சுப் படமும் புத்தகமும் நின்றன. ஒரே இடத்தில் பூட்டி வைத்தது அழியும். பலரோடு பகிர்ந்துகொண்டது பிழைக்கும். இதை எழுதிப் படிக்க வேண்டியதில்லை. புயலும் உப்புக் காற்றும் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

பாசி எடுக்கும் பெண்கள்

நம் காலத்தில் இந்தக் கரையை அக்கறையோடு படம் பிடித்தவர்களில் மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் ஒருவர். உழைக்கும் ஜனங்களையே தம் காமிராவின் விஷயமாகக் கொண்டவர். ராமநாதபுரம் ஜில்லாவில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களோடு அவரும் கடலுக்குப் போனார். 2019-ல் அந்தப் படங்கள் வெளியாயின.

பாசி எடுப்பது லேசான வேலை அல்ல. விடியற்காலையில் புறப்பட வேண்டும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முழுக வேண்டும். கூரிய பாறையில் கை கிழியும். 'மரிக்கொழுந்து' என்று அவர்கள் செல்லமாக அழைக்கும் பாசி பாறை இடுக்குகளில் வளர்வது. இந்தப் பாசிதான் ஆலைக்குப் போய், மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் வேண்டிய பண்டங்களாகிறது. சாப்பிடுகிறவர்களில் யாருக்காவது அந்தக் கைகள் தெரியுமா?

பழனிக்குமாரின் படத்தில் தெரிகின்றன. ஒரு விசேஷம் என்னவென்றால், அங்கே பெண்களுக்குப் பெயர் இருக்கிறது! படத்தின் கீழே 'பாசி எடுக்கும் பெண்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகவில்லை. அவரவர் பெயரோடு, அவரவர் சொன்ன கதையோடு அந்த முகங்கள் நம்மைப் பார்க்கின்றன. வெண்டின் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையில் புகைப்படக் கலை கற்றுக்கொண்ட பெரிய பாடம் இது.

வீட்டிலேயே ஒரு தொகுப்பு

கலைஞர்களின் படத்தைக் காப்பாற்ற மியூசியம் இருக்கிறது, பிரசுராலயம் இருக்கிறது. நம் வீட்டுப் படத்தைக் காப்பாற்ற நாம்தான் இருக்கிறோம். பாம்பனிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் எத்தனையோ வீடுகளில் பழைய ஆல்பங்கள் இருக்கும். கப்பல் ஏறுவதற்கு முன் தாத்தா எடுத்துக்கொண்ட படம், வள்ளம் கடலில் இறக்கிய அன்று எடுத்த படம், சந்தனக்கூடு, தேர், மாதா திருவிழாப் படம். இவற்றில்தான் இந்தக் கரையின் சரித்திரம் இருக்கிறது. செலவில்லாமல் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு:

முதலாவது, பெயர். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டில் உள்ள பெரியவரைக் கேட்டு எழுதுங்கள். பழைய காகிதப் படமாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் பென்ஸிலால், அழுத்தாமல் எழுதலாம். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும். வழவழப்பான தாளில் பென்ஸில் ஏறாது. அப்போது படத்தை வைக்கும் உறையின் மேல் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, இடம். கடலோர வீட்டில் வெளிச் சுவரில் படம் மாட்டினால் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். உள்சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். பசை தடவிய பிளாஸ்டிக் ஆல்பத்தைவிட, சுத்தமான வெள்ளைத்தாள் உறை நல்லது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம்; கண்ணாடியோடேயே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நனைந்த படம். புயலிலோ மழையிலோ ஆல்பம் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடக் கூடாது. படத்தின் மேல் உள்ள மெல்லிய ஜெலட்டின் படலம் காய்ந்ததும் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாகப் பிரித்து, அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். ஓரிரு நாளுக்குள் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

நான்காவது, நகல். செல்போனிலாவது ஒரு பிரதி எடுத்து, வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். நெகடிவ் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்துக் காகித உறையில் வையுங்கள்.

ஐந்து பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு தெருவின் தொகுப்பு. பத்துத் தெரு சேர்ந்தால் ஓர் ஊரின் புத்தகம். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் முன்னின்றால், மாணவர்களைக் கொண்டே இதை நடத்திவிடலாம்.

ராமேஸ்வரம் கோவில் பிரகாரத்தைப் படமெடுக்க உலகமே வரும். அதன் தூண்கள் நிற்கும் வரை படத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பிரகாரத்தில் பூ விற்ற பாட்டியின் முகம், கரைவலை இழுத்த ஐயாவின் தோள், போட் மெயிலில் மூட்டை தூக்கிய மாமனின் சிரிப்பு இவையெல்லாம் ஏதோ ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரே ஒரு தாளாக இருக்கின்றன. அந்தத் தாளுக்கு நெகடிவ் கிடையாது. அவர்கள் பெயர் தெரிந்தவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வெண்டுக்கு நல்ல நண்பர்கள் வாய்த்தார்கள். இந்தக் கரைக்கும் அப்படிச் சிலர் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்தப் பெட்டியைத் திறக்கலாம். பக்கத்தில் பாட்டியை உட்கார வைத்துக்கொண்டு.